ஹேர் ஸ்பிரேயா, ஸ்பாஞ்சா? மாடல் டாங்கியில் பெயின்ட் உரிக்கும் இரண்டு வழிகள்

பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டி, பெயின்ட் அடித்து, எண்களையும் சின்னங்களையும் பதித்து வைத்தால் ஆலையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்ததுபோல இருக்கும். அதைப் போர்க்களத்துக்கு அனுப்பி வைக்கும் வேலைதான் வெதரிங். அதில் ஆளுக்கு ஆள் அதிகம் சண்டை போடுவது சிப்பிங் பற்றி, அதாவது பெயின்ட் உரிந்து அடிநிறமோ இரும்போ தெரியும் இடங்களைக் காட்டுவது பற்றி. ஒரு கட்சி ஹேர் ஸ்பிரே, இன்னொரு கட்சி ஸ்பாஞ்ச். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1/35 அளவு மாடலில் 1 மி.மீ. பொட்டு என்றால் நிஜ டாங்கியில் அது 3.5 செ.மீ. பெயின்ட் பெயர்ந்த இடம். 1/72 அளவில் அதே பொட்டு 7 செ.மீ.யைத் தாண்டிவிடும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறதே என்று தாராளமாக வைத்துக்கொண்டே போனால், டாங்கிக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடும்.

ஹேர் ஸ்பிரே முறையில் அடிநிறம் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் ஹேர் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு தடவை அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் மேல்நிறம். மேல்நிறம் தண்ணீரில் கரையும் வகையான அக்ரிலிக்காகத்தான் இருக்க வேண்டும், காரமான கரைப்பானில் கரையும் லாக்கர் உதவாது. பெயின்ட் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காய்ந்ததும் தண்ணீரால் நனைத்து, பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் அடியில் இருக்கும் ஸ்பிரே கரையும், மேல்நிறம் பிய்ந்து வரும். உரிவது நிஜமாகவே உரிவதால் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் அமையும். கையால் வரைந்து அந்த ஓரம் கொண்டுவர ரொம்பப் பாடுபட வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், கட்டுப்பாடு முழுக்க நம் கையில் இல்லை. மேல்நிறத்தை லாக்கர் தின்னரில் கரைத்து அடித்தால் அடியோடு பிடித்துக்கொண்டு அசையாது. தண்ணீரில் கரைத்தால் சுலபமாக வரும். வினைல் வகை அக்ரிலிக் என்றால் தோல் தோலாக உரியும் அபாயம் உண்டு. நாளை பார்க்கலாம் என்று விட்டுவைத்தால் கடினமாகிவிடும். இன்னொன்று பலர் மறப்பது: சின்னங்கள் ஒட்டத் தண்ணீர் வேண்டும். மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சை அடித்து மூடாமல் ஒட்டப் போனால், சிப்பிங் தானாகவே இரண்டாவது சுற்று ஆரம்பித்துவிடும்.

ஸ்பாஞ்சுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஒரு துண்டைப் பிய்த்து, பெயின்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி முக்கால்வாசியை எடுத்துவிட்டு, ஓரங்களில் மெல்லத் தட்ட வேண்டியதுதான். எந்தக் கட்டத்திலும் செய்யலாம், எந்தப் பெயின்டின் மேலும் செய்யலாம். முதலில் அடிப்படை நிறத்தைவிட வெளிறிய நிறத்தில் தட்டி, அதற்குள் கரும்பழுப்பைச் சின்னதாக வைத்தால் ஆழம் வரும். குறை, ஒரே பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழும். கையில் ஸ்பாஞ்சைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

எது மேல் என்ற கேள்விக்கு என் பதில், எந்த வண்டி என்பது. 1941இல் ஆப்பிரிக்காவில் இறங்கிய ஜெர்மன் டாங்கிகளில் பல அடர்சாம்பல் நிறத்தின் மேல் மஞ்சள்பழுப்பு பூசப்பட்டவை. உரிந்த இடத்தில் சாம்பல்தான் எட்டிப்பார்க்கும். குளிர்காலத்தில் பச்சை நிற சோவியத் டாங்கியான டி-34 மீது பூசிய வெள்ளையும் அப்படியே. அது நிலைக்காத பூச்சு, வீரர்கள் ஏறி இறங்கும் இடத்தில் தேய்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் ஹேர் ஸ்பிரேதான், இரண்டாம் யோசனையே வேண்டாம். ஒரே ஆலிவ் நிறத்தில் நிற்கும் அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்கு ஸ்பாஞ்ச் போதும், அதுவும் அளவாக. போர்முனையில் சில மாதங்களிலேயே அழிந்துபோன டாங்கி ஏராளம். அவற்றுக்கு முப்பது வருடத் துருவைப் பூசுவது எனக்கு உறுத்தும்.

அப்புறம் வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயின்டைப் பள்ளங்களில் ஓடவிட்டு நிழல் காட்டுவது. எனாமல் வாஷா, ஆயில் பெயின்டா என்ற தகராறு சிறியது. போல்ட்டைச் சுற்றியும் தகடு இணையும் கோட்டிலும் ஓட விட எனாமல் வசதி, வேகமும் கூட. வெளிறல், அழுக்கு வழிந்த கறை, இதற்கெல்லாம் ஆயில்தான். அட்டையில் பிதுக்கி வைத்துச் சில மணி நேரம் எண்ணெயை உறிஞ்சவிட்டு எடுத்தால் பளபளப்பு குறையும். காய நாள் பிடிப்பதால் இழுத்து இழுத்துக் கலக்க நேரம் கிடைக்கிறது. இரண்டையும் கரைக்க ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பான் வேண்டும், அதில் ஒரு பாடம் எனக்கு உண்டு. ஒருமுறை அவசரத்தில் பெயின்ட் ஏறாத அடிப்பகுதியில் அதைத் தாராளமாக ஓடவிட்டேன். இழுத்துப் பொருத்தியிருந்த சக்கரக் கை ஒன்று மறுநாள் காலை டப்பென்று முறிந்து கிடந்தது. பிளாஸ்டிக் வெறுமையாக இருக்கும் இடத்தில் எச்சரிக்கை. ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

தூசிக்கு நிறமிப் பொடி. அதில் அலச ஒன்றும் இல்லை, குறைவாகப் போடவும்.

துரு பற்றி ஒரு வார்த்தை. ஷெர்மனில் பல, ரப்பர் கட்டை பதித்த தடங்களோடு ஓடின. ரப்பரில் ஆரஞ்சுத் துரு எங்கிருந்து வரும்? எம்113 கவச வண்டியின் உடலோ அலுமினியம். அது இப்போது என் மேசையில் நிற்கிறது. பழக்கதோஷத்தில் ஸ்பாஞ்சைக் கரும்பழுப்பில் தொட்டுவிட்டேன், வண்டியில் தட்டுவதற்குள் ஞாபகம் வந்தது. கழுவிவிட்டு வெளிறிய சாம்பல் டப்பாவைத் திறந்தேன்.