ஒரு கேள்வி, ஐந்து வாசல்கள்: பிரித்தானியா எந்த வழியால் வெளியேறியிருக்க வேண்டும்?

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரித்தானியா இருப்பதா என்று மக்களைக் கேட்ட வாக்கெடுப்பு நாள். லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த கோயம்புத்தூர்ப் பையனும் என்னோடு வந்தான். மேற்படிப்புக்கு வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பொதுநலவாய (கொமன்வெல்த்) நாட்டவன் என்பதால் அவனுக்கு வாக்கு இருந்தது. எங்களைக் காரில் கொண்டுவந்து விட்ட அத்தான் வெளியே மதிலோரம் நின்றுகொண்டார். ஜேர்மனிக்கு அகதியாகப் போய், அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்குக் குடிவந்தவர். பதினான்கு வருடம் இங்கே வரி கட்டியவர். அவருக்கு வாக்கில்லை. "இவனுக்கு வோட் இருக்கு, எனக்கு இல்லை. முடிவு ஆரைப் பற்றினது தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று வாக்குச்சீட்டில் இரண்டே பெட்டிகள்: ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா. 51.9% பேர் வெளியேறு என்றார்கள், 48.1% பேர் இரு என்றார்கள். ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் லண்டனும் இருக்கச் சொல்லின. லண்டனை விட்டால் இங்கிலாந்தின் பெரும்பகுதியும் வேல்ஸும் போகச் சொல்லின. எந்த வாசலால் போவது என்ற கேள்வி சீட்டில் இல்லை. பிரசாரத்திலும் அது அநேகமாக இல்லை. ஒரு பக்கம் ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் கட்டுகிறோம் என்று எழுதிய சிவப்பு பஸ் ஓடியது. 1984இல் பேசி வாங்கிய கட்டணக் கழிவைக் கழிக்காமல் போட்ட கணக்கு அது. மறுபக்கம் வெளியேறினால் வீட்டுக்கு வருடம் 4,300 பவுண் நட்டம் என்று நிதி அமைச்சு பயமுறுத்தியது. நோர்வே வழி, கனடா வழி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது மக்களுக்குக் காட்டியிருந்தால், அந்த நாலு மாத இரைச்சலை விட அது பிரயோசனமாக இருந்திருக்கும். காலம் கடந்துதான் காட்டினார்கள். நான் இப்போது அதைச் செய்து பார்க்கிறேன்.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் மிச்சம் விளங்கும். சுங்க ஒன்றியம் என்பது வெளிவாசலில் எல்லாரும் ஒரே வரி வாங்குவது. உள்ளே நாட்டுக்கு நாடு வரியும் இல்லை, சுங்கப் பத்திரமும் இல்லை. ஒற்றைச் சந்தை என்பது உள்ளே எல்லாருக்கும் ஒரே விதி: பாலுக்கு, மருந்துக்கு, மின்குமிழுக்கு, வங்கிக்கு, வேலை தேடிப் போகும் மனிதருக்கு. நோர்வே இரண்டாவதில் இருக்கிறது, முதலாவதில் இல்லை. துருக்கி முதலாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. கனடா இரண்டிலும் இல்லை.

நோர்வே வாசல்

நோர்வே மக்கள் 1972இலும் 1994இலும் ஒன்றியத்தில் சேர மறுத்தவர்கள். இரண்டாவது முறை 52.2% பேர் வேண்டாம் என்றார்கள். பிரித்தானியாவின் கணக்குக்கு எவ்வளவு கிட்ட! ஆனால் மற்ற 48% பேரை அந்த நாடு தள்ளி வைக்கவில்லை. அந்த வருட ஆரம்பத்தில் நடைமுறைக்கு வந்திருந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் தொடர்ந்து இருந்தது. அதாவது, ஒற்றைச் சந்தைக்குள்ளே, ஆனால் பொது விவசாயக் கொள்கைக்கும் பொது மீன்பிடிக் கொள்கைக்கும் வெளியே. தன் மீனைத் தானே பேரம் பேசுகிறது.

இதற்கு விலை உண்டு. விதிகள் ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸில் எழுதப்படும்போது நோர்வேக்கு அங்கே வாக்கில்லை. எழுதியது வீட்டுக்கு வரும், பின்பற்ற வேண்டும். பணமும் கட்ட வேண்டும். ஒன்றியத்து மக்கள் வந்து வேலை செய்வதையும் ஏற்க வேண்டும். வெளியேறக் கேட்டவர்கள் இந்த வாசலை வெறுத்ததற்குக் கடைசிக் காரணம்தான் முதற் காரணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்கள் வந்து போகும் சுதந்திரம் கட்டில்லாத சுதந்திரம் அல்ல. 2004இல் கிழக்கு ஐரோப்பாவின் எட்டு நாடுகள் சேர்ந்தபோது, தொழிலாளர் வருகையைச் சில வருடங்களுக்கு மட்டுப்படுத்த எல்லா நாடுகளுக்கும் உரிமை இருந்தது. முதல் நாளே கதவைத் திறந்துவிட்டவை பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் மூன்றும்தான். மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர் வேலையோ வருமானமோ காட்ட வேண்டும் என்றும் ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது. பெல்ஜியம் அதைப் பயன்படுத்தியது. இங்கே வருகிற ஒன்றியத்தவர் எல்லாரையும் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கவில்லை. லிங்கன்ஷயரின் பொஸ்டன் நகரில் 75.6% பேர் வெளியேறு என்றபோது அவர்கள் சொன்ன நெருக்கடி உண்மையானது. மருத்துவர் நேரம் கிடைக்கவில்லை, வாடகை ஏறியது. கையிலிருந்த கருவியை எடுக்காத தவறு லண்டனுடையது. பழி முழுவதும் பிரசல்ஸுக்குப் போனது.

கனடா வாசல்

2017 ஜனவரியில் அப்போதைய பிரதமர் தெரேசா மே ஒற்றைச் சந்தையிலும் இருக்கமாட்டோம், சுங்க ஒன்றியத்திலும் இருக்கமாட்டோம் என்று அறிவித்தார். பாராளுமன்றத்தில் வாக்கெடுக்காமல், மக்களைக் கேட்காமல், ஒரு பேச்சில் மூன்று வாசல்கள் மூடப்பட்டன. அதே வருடக் கடைசியில் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிஷேல் பார்னியே ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார். விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பிரித்தானியா போட்ட ஒவ்வொரு சிவப்புக் கோடும் அதை ஒரு படி கீழே இறக்குகிறது. ஒப்பந்தமுள்ள படிகளில் அடியில் இருப்பது கனடா மாதிரியான வர்த்தக ஒப்பந்தம். கடைசியில் அவருக்குப் பின் பிரதமரான பொறிஸ் ஜோன்சன் 2020 டிசம்பர் 24இல் முடித்ததும் அந்த அடிப்படிதான்.

அதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பொருட்களுக்கு இறக்குமதித் தீர்வையும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. தன் சட்டத்தைத் தானே எழுதலாம், இந்தியாவோடும் அவுஸ்திரேலியாவோடும் தனியே ஒப்பந்தம் போடலாம். சுயாதீனம்தான் முக்கியம் என்று நம்பி வாக்களித்தவருக்கு இது நேர்மையான பதில்.

தீர்வை இல்லை என்றாலும் பத்திரம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் ரொட்டர்டாம் மொத்த வியாபாரியிடம் கொழும்புச் சரக்கு எடுப்பவர். முன்பு வெள்ளி இரவு அங்கே ஏற்றினால் ஞாயிறு காலை இங்கே தட்டில் இருக்கும். புது ஒப்பந்தத்தில் தீர்வை விலக்கு ஐரோப்பாவில் விளைந்ததற்கோ செய்யப்பட்டதற்கோதான். ரொட்டர்டாம் களஞ்சியத்தில் இறக்கிப் பிரித்து ஏற்றிய சரக்கு ஐரோப்பியச் சரக்கு ஆகாது. தீர்வையுள்ள பொருளென்றால் அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை. மீன், இறைச்சி, பால் கலந்ததென்றால் சுகாதாரச் சான்றிதழ் வேறு. அவர் இப்போது கொள்கலனை நேரே இங்கே இறக்குகிறார். அதற்குத் தோதில்லாத சின்னக் கடைகள் அந்தச் சாமானையே விட்டுவிட்டன. அரசாங்கத்தின் வரவு செலவைக் கணிக்கும் பாதீட்டுப் பொறுப்புக்கான அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடியதை விட நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4% குறையும் என்று கணிப்பது இப்படியான ஆயிரம் சின்ன விடயங்களின் கூட்டுத்தொகை.

என் அக்கா பாரிஸில் இருக்கிறாள். முன்பு லண்டன் விக்டோரியாவில் பஸ் ஏறினால் அம்மா பொரித்த மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி என் மடியில் இருக்கும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலில் ரோல்ஸ் இல்லாமலா? இருக்கிறது. அது அம்மாவின் கை இல்லை. 2021 ஜனவரி முதல் இறைச்சியையும் பாலையும் இறைச்சி கலந்த சாப்பாட்டையும் பிரயாணி ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஒல்லாந்துத் துறைமுகத்தில் லொறிச் சாரதிகளின் சான்ட்விச்சைப் பறித்தது அந்த மாதமே தொலைக்காட்சியில் வந்தது. நோர்வேயிலிருந்தோ சுவிஸிலிருந்தோ போகிறவருக்கு இந்தத் தடை இல்லை. கனடாவிலிருந்து போகிறவருக்கு உண்டு. வாசல் வித்தியாசம் என்னவென்று யாராவது கேட்டால் நான் அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன்.

சுவிஸ், துருக்கி

சுவிஸ் வழியில் அதிகம் நிற்கத் தேவையில்லை. 1992இல் 50.3% வாக்கால் பொருளாதாரப் பிரதேசத்தை மறுத்துவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்களை வருடக்கணக்காகப் பின்னிய நாடு அது. அந்தப் பின்னலில் ஒன்றியமே களைத்துப் போயிருந்தது. இன்னொரு சுவிஸை அது விரும்பவில்லை.

துருக்கி 1995 கடைசி முதல் தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. பிரசல்ஸ் வேறொரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டால் துருக்கி தன் சந்தையைத் திறக்க வேண்டும். அந்த நாடு துருக்கிக்குத் திறக்க வேண்டிய கட்டாயமில்லை. பல்கேரிய எல்லையில் லொறி வரிசையும் தீரவில்லை. தனியே எடுத்தால் இது நட்ட வியாபாரம். இன்னொன்றோடு சேர்த்தால்தான் பெறுமதி, அதற்கு வருகிறேன்.

ஒப்பந்தமே இல்லாமல்

2019 ஜனவரியில் கென்டின் மான்ஸ்டன் பழைய விமானத் தளத்திலிருந்து டோவர் துறைமுகம் வரை லொறிகளை வரிசையாக ஓட்டி, வரப்போகும் நெரிசலுக்கு ஒரு ஒத்திகை பார்த்தார்கள். வந்தவை 89 லொறிகள். டோவரைக் கடப்பவை ஒரு நாளில் 10,000 வரை போகும். இந்த வாசலைப் பற்றி அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

அயர்லாந்தின் ரோடுகள்

எந்த வாசலையும் நிறுத்துப் பார்க்கும் தராசு அயர்லாந்து எல்லைதான்: ஒரு பக்கம் பிரித்தானியாவோடு சேர்ந்த வட அயர்லாந்து, மறுபக்கம் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசு. சுமார் 500 கிலோமீற்றர் நீளம், குறுக்கே இருநூறுக்கு மேற்பட்ட ரோடுகள். வட அயர்லாந்து மோதலில் 3,500க்கும் அதிகமானோர் செத்த பின் 1998 ஏப்ரல் 10இல் வந்த பெரிய வெள்ளி உடன்பாடுதான் அந்த ரோடுகளில் இராணுவச் சாவடி இல்லாமல் ஆக்கியது. இலங்கையில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு வெயிலில் நின்ற எவருக்கும் இது வெறும் வர்த்தகப் பிரச்சினையாகத் தெரியாது. ஒரு சாவடி போட்டால் அதைக் காக்க ஒரு காவலர் வேண்டும், அவரைக் காக்க இன்னொருவர் வேண்டும்.

தராசில் கனடா வாசல் நேரே தோற்றது. அதனால்தான் ஜோன்சன் எல்லையை எடுத்துக் கடலில் போட்டார்: பிரித்தானியாவிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் பொருளுக்குச் சோதனை. சொந்த நாட்டுக்குள்ளே சொசேஜ் அனுப்பப் பத்திரம் கேட்ட கதை அது. பிரித்தானியாவோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் அவமானப்பட்டார்கள், 2022 பெப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் வட அயர்லாந்தின் கூட்டரசாங்கம் முழுமையாக இயங்கவில்லை. 2023இன் விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, ஒன்றியத்துக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று வலியைக் குறைத்தது.

நோர்வே வாசலும் தனியே இதில் சித்தியடையாது, மறைக்கக் கூடாது. நோர்வேக்கும் சுவீடனுக்கும் நடுவே ஸ்வினசுண்ட் பாலத்தில் இன்றும் லொறிகள் சுங்கத்துக்கு நிற்கின்றன. ஆனால் நோர்வேயின் ஒற்றைச் சந்தையோடு துருக்கி மாதிரி, ஆனால் எல்லாப் பொருளுக்குமான சுங்க ஒன்றியத்தைக் கூட்டினால்? அயர்லாந்து ரோட்டில் சோதிக்க அநேகமாக ஒன்றுமில்லை. கடலிலும் ஒன்றுமில்லை. இதைத்தான் பொதுச் சந்தை 2.0 என்ற பெயரில் கொன்சர்வேட்டிவ் உறுப்பினர் நிக் போல்ஸ், தொழிற்கட்சி உறுப்பினர்கள் சிலரோடு சேர்ந்து முன்வைத்தார். எனக்கு அதுதான் சரியான வாசல். பிரித்தானியா ஒன்றியத்தின் உறுப்பினர் இல்லை, ஆகவே 52% பேரின் வார்த்தை காப்பாற்றப்படுகிறது. 48% பேரின் வாழ்க்கை குலையவில்லை. விதி எழுதும் மேசையில் இடம் போகிறது, அது பெரிய இழப்புத்தான். மேசையை விட்டு எழும்ப வேண்டும் என்றுதான் நாடு சொன்னது.

2019 ஏப்ரல் 1 இரவு அது வாக்குக்கு வந்தது. 261க்கு 282. தோற்றது. தனிச் சுங்க ஒன்றியம் 273க்கு 276, மூன்றே வாக்கால் தோற்றது. மறுவாக்கெடுப்பு 280க்கு 292. போல்ஸ் எழுந்து, தன் கட்சி விட்டுக்கொடுக்க மறுப்பதால் இனி அதில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் கலங்கியது. நான் 'இருப்போம்' என்று வாக்களித்தவன். ஆனாலும் முடிவை நடைமுறைப்படுத்தாமலே மறுபடி கேட்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. 'இருப்போம்' பக்கத்து உறுப்பினர்களிலேயே சிலர் மறுவாக்கெடுப்பை மட்டும் நம்பி அன்று நடுவழிக்கு எதிராகக் கை தூக்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

ஆட்களைக் குறைக்கத்தான் கனடா வாசல் என்றார்கள். 2023 ஜூன் வரையான வருடத்தில் நிகரக் குடிவரவு 9 இலட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து, இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும். வந்தவர்களில் எனக்கு வருத்தம் இல்லை. அத்தானும் தங்குகிறார், 2021 ஜூனுக்கு முன் விண்ணப்பித்து நிரந்தர அந்தஸ்து எடுத்துவிட்டார். பெர்லினில் இருக்கும் அவருடைய தம்பி மகளுக்கு இனி லண்டனில் வேலை என்றால் வீசா வேண்டும்.

2025 மே 19இல் இரு தரப்பும் உணவு, கால்நடை, தாவர விதிகளில் மறுபடி ஒத்துப்போக ஓர் ஒப்பந்தம் பேச இணங்கின. பிரசல்ஸ் விதி மாறினால் இங்கேயும் மாறும், வாக்கு இராது, பங்குப் பணம் உண்டு, சர்ச்சையில் கடைசிச் சொல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. ஆட்கள் வந்து போகும் சுதந்திரத்தைத் தவிர, நோர்வே வாசலில் எவையெல்லாம் அவமானம் என்றார்களோ அவையெல்லாம் இதில் இருக்கின்றன. ஒரு படி மேலே ஏறுகிறார்கள், ஏறட்டும். பதிலுக்கு ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரித்தானியக் கடலில் மீன் பிடிக்கலாம். நோர்வே தன் மீனைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது.