தோடர் பூவேலை மப்ளர்: துணிக்கு முழு மார்க், கடைவீதிக்குப் பாதிகூட இல்லை

குன்னூரில் பிளவுஸ் தைப்பது என் பிழைப்பு. எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் புரட்டி உள்பக்கம் பார்ப்பேன். ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடையில் "தோடா எம்பிராய்டரி, சுத்தமா ஹேண்ட்மேட் மேடம்" என்று நீட்டிய மப்ளரையும் அப்படித்தான் புரட்டினேன். அடியில் பாபின் நூல் அச்சடித்த மாதிரி ஓடியிருந்தது. மெஷின் வேலை என்றேன். "டிசைன் தோடாதானே!" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அசலை வாங்கியது ஒரு மந்தில், அதாவது நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பில், தெரிந்தவர் மூலமாக. தைத்த அக்காவே கையில் கொடுத்தார். விலை 1,800 ரூபாய். மப்ளருக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை, துணியை இழுத்துப் பிடிக்க வளையமும் கிடையாது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலை ஊசியில் கோத்து ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரு இழை தப்பினால் அந்த வரிசையையே பிரிக்க வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால் தறியில் நெய்தது போலவே இருக்கிறது. முப்பது வருஷமாகத் தைக்கிறேன், எனக்கே முதலில் பிடிபடவில்லை.

ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் குட்டிக் குட்டியாக நூல் வளையங்கள் எழும்பி நிற்கும். நம் கண்ணுக்கு அது உள்பக்கம். அவர்களுக்கு அதுதான் மேல்பக்கம். நான் தெரியாமல் வழவழப்பை வெளியே விட்டுப் போட்டதும் அக்கா சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டார். "அம்மா, பூ இந்தப் பக்கம்தான் பேசும்." எருமைக் கொம்பு எது, ஓரத்தில் வரும் முயல் காது எது என்று விரலை வைத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு துளியும் ஒட்டவில்லை. குறை என்றால் ஒன்றுதான்: கழுத்தில் முதல் சில நாள் கொஞ்சம் உறுத்தும்.

இந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர்கள் மொத்தமே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அதில் ஊசி பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? ஆனால் ஊட்டியில் எங்கே திரும்பினாலும் அந்தச் சிவப்பு கறுப்புக் கோலம் கண்ணில் படும், பெயிண்டில், பிளெக்ஸில், காட்டேஜ் போர்டில். டவுனை அழகுபடுத்துகிறோம் என்றால் நமக்கு உடனே பெயிண்ட் டப்பாதான் ஞாபகம் வருகிறது. சேரிங்கிராஸ் நடுவில் இருக்கும் ஆடம் நீரூற்று 1886-இல் கட்டியது, மெட்ராஸ் கவர்னராக இருந்து ஊட்டியிலேயே இறந்துபோனவர் நினைவாக. அதற்கு வண்ணம் அடிக்கவும் விளக்குப் போடவும் தவறுவதில்லை. கவர்னருக்கு அத்தனை நல்ல இடம்! அதைச் சுற்றியுள்ள கடைவீதியில் ஒரு தோடர் பெண் உட்கார்ந்து ஊசி கோக்க நாலடி திண்ணை கிடையாது.

நகராட்சி மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடை எண்ணிக்கை, பார்க்கிங், வாடகை என்று பேச்சு நடக்கிறது, அதெல்லாம் வேண்டியதுதான். கூடவே கைவேலைக்காரர்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கலாம். மேல்மாடி மூலையில் ஒரு ரூம் கொடுத்து, ரிப்பன் வெட்டி, அடுத்த மாதம் பூட்டுப் போடுகிற மாதிரி வேண்டாம். இழை எண்ணும் வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், டியூப் லைட்டில் கண் போய்விடும். அதனால் தெருவைப் பார்த்த பக்கம், காய்கறி வாங்க வருகிறவர்கள் தாண்டிப் போகிற வழியில் இருக்க வேண்டும். மழைச் சாரல் அடிக்காத கூரை, பக்கத்தில் கழிப்பறை, நாள் வாடகை. நீலகிரியின் மற்றப் பழங்குடிகளான கோத்தர் பெண்கள் வனையும் மண்பானைக்கும் குறும்பர் ஓவியத்துக்கும் அதே வரிசையில் இடம் விடலாம். வாங்குகிறவர்கள் கண்ணெதிரே வேலை நடந்தால் மெஷின் மப்ளரை யாரும் அசல் என்று தலையில் கட்ட முடியாது, 1,800 ஏன் என்று விளக்கவும் வேண்டியதில்லை. மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஸ்டால் போடுவது சரிதான், ஆனால் ஜூலை மழையிலும் தைக்கிறவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே.

என் மார்க்: துணிக்கு ஐந்துக்கு ஐந்து, அது கிடைக்கும் வசதிக்கு ஒன்றரை.

வாங்க நினைப்பவர்கள் கடையில் கூச்சப்படாமல் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வளையம் எழும்பியிருந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம், அடியில் வேறு நூல் ஓடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பூத்துக்குளி, அதாவது முழுச் சால்வை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாதக்கணக்கில் ஆகும், விலையும் பல மடங்கு. நான் சொல்லி வைத்திருக்கிறேன், பொங்கலுக்குள் தருவதாக அந்த அக்கா சொல்லியிருக்கிறார்.