சேலம் வெயிலையும் ஏற்காட்டு ஈரத்தையும் தாங்கிய ஸ்டெகோசாரஸ்

கையடக்க டைனோசர் பொம்மை எது கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது காலையும் வாலையும்தான். செய்தவர் எலும்புக்கூட்டைப் பார்த்துச் செய்தாரா, இன்னொரு பொம்மையைப் பார்த்துச் செய்தாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சில வருடமாக என்னிடம் இருக்கும் இந்த ஸ்டெகோசாரஸ் வாலில் ஜெயித்து, முன்காலில் தோற்றது.

மூக்கிலிருந்து வால் நுனிவரை 11 சென்டிமீட்டர். அழுத்தினால் லேசாக வளைகிற பிவிசி பிளாஸ்டிக். அசல் விலங்கு ஏறக்குறைய 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் அறுபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. முதுகுத் தகடுகளில் பெரியவை அசலில் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். அப்படியானால் பொம்மையில் ஒரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தேன், ஒரு மயிரிழைதான் கூட. தகடுகள் ஜோடி ஜோடியாக இல்லாமல், இரண்டு வரிசையில் மாறி மாறி நிற்கின்றன. புதைபடிவங்களிலும் இப்படித்தான். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் தகட்டின் மேல் நரம்பு ஓடினாற்போல மெல்லிய பள்ளங்கள் தெரிகின்றன. அசல் தகட்டில் ரத்தக்குழாய் ஓடிய தடம் உண்டு. இந்த விலையில் அதைச் செதுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்காகவே எனக்கு இந்தப் பொம்மையைப் பிடிக்கும்.

வால் தரையில் இழுபடாமல் தூக்கி நிற்கிறது, நுனியில் நான்கு முட்கள். எல்லாம் சரி. முன்காலில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். அசலில் முன்பாதத்தின் உள்பக்க இரண்டு விரலில் மட்டும் குளம்பு மாதிரியான நகம் இருக்கும். இதில் ஐந்து விரலிலும் யானைக்கு இருப்பதுபோல ஒரே அளவில் நகம் வைத்திருக்கிறார்கள். பின்காலில் மூன்று விரல் என்பதைச் சரியாகப் பார்த்தவர்கள், முன்காலுக்கு ஏன் மெனக்கெடவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

இனி நம்ம ஊர் வெயிலுக்கு வருவோம். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் கோடையிலேயே முன்கால்கள் உள்பக்கமாகச் சாய்ந்து, பொம்மை மூக்கு குப்புற விழ ஆரம்பித்தது. இதற்கு வைத்தியம் சுலபம். கொதித்து இறக்கிய நீரில் காலை மட்டும் அரை நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் வைத்தால் நின்றுவிடும். அடுத்த கோடையிலும் செய்ய வேண்டி வந்தது. அப்புறம் கீழ்த்தள ஹாலுக்கு மாற்றிவிட்டேன், பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப்பசை சூட்டில் வெளியே கசிந்து, பொம்மை பிசுபிசுக்கும். பிசுபிசுத்தால் பாத்திரம் கழுவும் சோப்பு போதும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதுவும் கூடவே வரும். மழைக்காலத்தில் அங்கே ஈரம் சுவரிலேயே ஊறி நிற்கும். அட்டைப்பெட்டியில் பூஞ்சை பிடித்தது, பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா மகன் காப்பிச் செடிகளுக்கு அடியில் மண்ணில் புரட்டி விளையாடியதில் வால் முள் நுனிகளிலும் மேல் தகடுகளின் விளிம்பிலும் பெயின்ட் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. உடம்பின் பச்சைப் பழுப்பு அப்படியே இருக்கிறது.

அவன் ஒருநாள் கேட்டான்: "மாமா, இது நம்ம மலையில இருந்துச்சா?"

இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு. பூமிக்குள் ஆழத்தில் கடும் சூட்டில் உருவானது, அதில் எலும்பு தேடிப் பயனில்லை. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய அமெரிக்காவின் மேற்கில். 1877-ல் மார்ஷ் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் பெயர் வைத்தார். ஆனால் அரியலூர்ப் பக்கம் கிடைத்த எலும்புகளுக்கு 1979-ல் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்து, ஸ்டெகோசாரஸ் வகையறா என்றார்கள். பிறகு சிலர் அது கடல் ஊர்வன என்று மறுக்க, வாதம் இன்னும் முடியவில்லை. இதைச் சொன்னதிலிருந்து அவனுக்கு இந்தப் பொம்மைமேல் தனிப் பிரியம். டி.ரெக்ஸ் டைனோசர் பொம்மையோடு சண்டைக்கு விடுவதையும் நிறுத்திவிட்டான், இரண்டுக்கும் நடுவே 8 கோடி ஆண்டு இடைவெளி என்று தெரிந்ததும்.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், வால் முள் கடிபட்டு வரலாம். ஐந்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக வாங்கலாம். பத்து உருவம் அடங்கிய செட்டாக வாங்காமல், காசு கொஞ்சம் கூடினாலும் இப்படித் தனி உருவமாக வாங்குங்கள். நான் பார்த்த செட்களில் ஸ்டெகோசாரஸின் தகடுகள் ஒற்றை வரிசையாகத்தான் இருந்தன. கடையில் எடுத்ததும் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். புதிதிலேயே ஆடினால் அந்தப் பீஸ் வேண்டாம், வேறொன்று கேளுங்கள்.