ஆப்ஆர்மர் கோப்புகளுக்கு நிறம்: விம்மில் நெடுநாள் பழகியதில் தெரிந்தவை

லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மரின் விதிகளைத் திருத்த நிறமெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளாக விம் எடிட்டரில் சின்டாக்ஸ் ஹைலைட்டிங்கோடு (சொற்களுக்கு வகைவாரியாக நிறமிடுவது) இந்த வேலையைச் செய்துவரும் நான் அந்தக் கட்சி இல்லை.

அமைப்பதில் ஒரு சிக்கல்தான். இந்தக் கோப்புகளுக்குப் பொதுவான பின்னொட்டு கிடையாது. நிரலின் பாதையிலுள்ள சாய்கோடுகளைப் புள்ளிகளாக்கிப் பெயர் வைப்பதே நெடுநாள் வழக்கம் என்பதால், பெயரை வைத்து எடிட்டரால் வகையை ஊகிக்க முடியாது. ஆப்ஆர்மரோடு வரும் சின்டாக்ஸ் கோப்பை நிறுவி, 'ஆப்ஆர்மர்.டி' அடைவில் இருப்பதெல்லாம் இந்த வகை என்று விம்முக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

எனக்குப் பிடித்தது, ஆபத்தின் அளவைப் பார்த்து நிறம் தருவது. படிக்க மட்டும் விடும் வரி ஒரு நிறம், எழுத விடும் வரி வேறு நிறம். வேறொரு நிரலைக் கட்டுப்பாடே இல்லாமல் ஓடவிடும் 'யூஎக்ஸ்' அனுமதி சிவப்பு. சிஸ்_அட்மின், சிஸ்_மாட்யூல் போன்ற வில்லங்கமான கேப்பபிலிட்டிகளும் (நிரலுக்குத் தரும் சிறப்பு அதிகாரங்கள்) தனித்துத் தெரிகின்றன. பிறர் எழுதிய நீண்ட கோப்பு வந்தால் முதலில் சிவப்பைத்தான் தேடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

இன்னொரு நன்மை வேறு கோப்பின் விதிகளை உள்ளே இழுக்கும், '#' குறியோடு தொடங்கும் பழைய இன்க்ளூட் வரிகளில். பொதுவான கான்ஃபிக் நிறமிடல் அவற்றைக் குறிப்புரை என்று நினைத்து மங்கலாக்கிவிடும். உண்மையில் அந்த ஒரு வரி வழியே எத்தனையோ அனுமதிகள் உள்ளே வருகின்றன. விதியின் கடைசிக் காற்புள்ளி விடுபட்டாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. விதிகளைப் படித்துக் கெர்னலில் ஏற்றும் பார்சரிடம் கொடுத்தால் அது பெரும்பாலும் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும்.

குறைகளும் இருக்கின்றன. விதி மொழி வளரும் வேகத்துக்குச் சின்டாக்ஸ் கோப்பு ஈடுகொடுக்காத இடங்களில், சரியான விதிகூடப் பிழை நிறத்தில் நிற்கும். ஆப்ஆர்மர் 4.0 பதிப்போடு வந்த யூசர்என்எஸ் விதியைப் (யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்க விடுவது) பழைய சின்டாக்ஸ் கோப்போடு திறந்தால் இதுதான் கதி. பொய்ச் சிவப்பு நாலு இடத்தில் இருந்தால் மெய்ச் சிவப்பையும் கண் தாண்டிப் போய்விடும். ஆகவே ஆப்ஆர்மரைப் புதுப்பிக்கும்போதே இதையும் புதுப்பியுங்கள்.

அதைவிட என்னை உறுத்துவது நட்சத்திரக் குறி. ஒற்றை நட்சத்திரம் அந்த அடைவோடு நிற்கும். இரட்டை நட்சத்திரம் உள்ளடைவுகள் அனைத்துக்குள்ளும் நுழையும். இரண்டுக்கும் ஒரே நிறம்! மூலக் கோப்பைத் தொடாமல், அதற்குப் பிறகு விம் படிக்கும் 'ஆஃப்டர்' அடைவில் இரட்டை நட்சத்திரத்துக்கு மட்டும் வேறு நிறம் சேர்த்துக்கொண்டேன். மற்றபடி, நிறம் சரியாக இருந்தாலும், கெர்னலில் ஏற்றாமல் சோதிக்கும் பார்சரின் பெரிய எழுத்துக் 'க்யூ' தேர்வை ஓட்டாமல் எந்தக் கோப்பையும் வெளியே அனுப்புவதில்லை.