கரண்ட் போய் வரும் வீட்டில் ஒரு டெபியன் சேர்வர்: சில வருட அனுபவம்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டில் 2021 இறுதியிலிருந்து ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி ஒன்று, வீட்டுக் கோப்புகளை வைத்திருக்கும் சேர்வராக இரவு பகலாக ஓடுகிறது. 4 ஜிபி நினைவகம், விசிறி இல்லாத அலுமினிய உறை, யூஎஸ்பியில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத சேமிப்பகம்). இயங்குதளம் டெபியன், லினக்ஸ் வகைகளில் ஒன்று. பதிப்பு 11இல் தொடங்கி, 12க்கு ஏறி, இப்போது 13இல் நிற்கிறது. இடையில் எதையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டி வரவில்லை.

வீட்டில் சேர்வர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் வந்தால், யாரும் கை வைக்காமல் அது தானாக எழும்புமா? வேலை விஷயமாக நான் அடிக்கடி கொழும்புக்குப் போகிறவன். வீட்டில் அம்மா மட்டும். அவருக்கு டெர்மினலில் கட்டளை அடிக்கத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வரக்கூடாது. இந்தச் சேர்வரில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பைப் பாவித்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அது 60 வாட் இழுத்தால் மாதம் 43 அலகு. பை 5 வாட் என்று வைத்தாலும் 4 அலகுக்குள் முடிந்துவிடும். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் பாவனைக்கேற்பப் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்குப் பார்க்கும் முறையே மாறிவிடும். பழைய டெஸ்க்டாப் ஒன்றே ஒரு சிறிய வீட்டை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும்.

சரி, இதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் படங்களும் பத்திரங்களும். 1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு ஆல்பங்கள் போய்விட்டன. அம்மா அப்பாவின் கல்யாணப் படம் ஒன்று பெரியம்மாவிடம் இருந்ததால் தப்பியது. அதை ஸ்கேன் செய்ததில்தான் இந்தச் சேர்வரின் வேலை தொடங்கியது. அதன் பிறகு காணி உறுதிகள், பழைய கடிதங்கள், ஐயாவின் அலமாரியில் இருந்த சஞ்சிகைகள் என்று வளர்ந்தது. ஒரு பிரதி இங்கே, ஒன்று ரொறன்ரோவில் தங்கச்சியின் கணினியில், இன்னொன்று கொக்குவிலில் பெரியம்மா வீட்டு வன்தட்டில். எந்த வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தாலும் படம் இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். சாதாரண யூபிஎஸ் பெட்டி மின்கலத்தின் 12 வோல்ட்டை 230 ஆக்கும், அடாப்டர் அதைத் திருப்பி 5 வோல்ட்டுக்கு இறக்கும். இரண்டு முறையும் நட்டம்தான். அதனால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றிலிருந்து ரவுட்டருக்கு நேரடியாகவும், பைக்கு 12 வோல்ட்டை 5 ஆக இறக்கும் ஒரு சிறிய கன்வேர்ட்டர் வழியாகவும் கொடுத்தேன். கணக்குப்படி 84 வாட்-மணி. இரண்டும் சேர்ந்து 13 வாட் எடுத்தால் ஆறு மணி நேரம் வரவேண்டும், ஆனால் மின்கலத்தை முழுதாக வற்றவிட்டால் அதன் ஆயுள் போய்விடும். பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் மூன்று மணி நேரம் நம்பலாம். கன்வேர்ட்டரை 5.1 வோல்ட்டில் வையுங்கள். மெல்லிய கேபிளில் வோல்ட்டேஜ் விழும், 4.63க்குக் கீழே போனால் பை குறைமின்னழுத்தம் என்று முறையிடும். எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம்.

எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டரிலும் கவனம் வேண்டும். சில சிப்புகள் யூஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி முறையில் பெரிய கோப்பு எழுதும்போது உறைந்துவிடும். இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளை வரியில் அந்த அடாப்டரின் அடையாள எண்ணைக் கொடுத்து யூஏஎஸ்ஸை நிறுத்தினால் வேகம் கொஞ்சம் குறையும், உறைவது நின்றுவிடும். எஸ்டி கார்டில் இருபத்திநாலு மணி நேரமும் லாக் (நடந்தவற்றின் பதிவு) எழுத விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். பை 4இல் மின்கலம் வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் இல்லாத நேரத்தில் அதற்குக் காலம் நின்றுவிடும். திரும்ப எழும்பும்போது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பிறகு இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். எங்கள் வீட்டில் பெயர்த் தேடலையும், அதாவது இணையப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கண்டுபிடிப்பதையும், இதே பைதான் அன்பவுண்ட் என்ற மென்பொருள் மூலம் செய்கிறது, பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களைச் சரிபார்த்து. ஒரு கார்த்திகை மழையில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. வந்தவுடன் அம்மா எடுத்தார்: "தம்பி, லைற் எல்லாம் எரியுது, ரவுட்டரும் பச்சை காட்டுது, ஆனா நெற் இல்லை." நடந்தது இதுதான்: பையின் கடிகாரம் இரண்டு நாள் பின்தங்கியிருந்தது. புதிதாக வந்த கையொப்பங்கள் அதன் கண்ணுக்கு இன்னும் தொடங்காத திகதியைக் காட்டின, எனவே எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. நேரத்தைத் திருத்த நேர சேர்வரின் பெயரைத் தேட வேண்டும். நேரம் பிழையாக இருப்பதால் அந்தப் பெயரும் கிடைக்காது. கொஞ்ச நேர வித்தியாசத்தை அன்பவுண்ட் பொறுத்துக்கொள்ளும் என்பதால் அதுவரை வந்த குட்டி மின்வெட்டுகளில் இது வெளியே தெரியவில்லை. தீர்வு ஒரு வரிதான்: நேர ஒத்திசைவு அமைப்பில் பெயருக்குப் பதிலாக எண் முகவரியை எழுதிவிட்டேன். அதன் பிறகு அம்மாவிடமிருந்து அப்படி அழைப்பு வரவில்லை.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறோம். யுனிகோட் ஆதரவில் குறை இல்லை, ஆனால் ஒரு எல்லை உண்டு. தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 85 குறியீடு. "கொ" என்பதே இரண்டைத் தின்றுவிடும். சஞ்சிகைப் பெயர், இதழ், மாதம், தலைப்பு என்று நீட்டினால் சீக்கிரம் முட்டும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தச் சுவர் இருப்பதே தெரியாது. தங்கச்சியின் பழைய ஆப்பிள் கணினி "கொ"வின் உயிர்க்குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங் மென்பொருள் அதைத் தானே சீராக்கிவிடுகிறது. எங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து நேரே வந்தடையக்கூடிய பொது ஐபி முகவரி இல்லாதபோதும் இரண்டு பக்கமும் வெளியே போய்ச் சந்திக்கும்படி வழி வைத்திருப்பதும் அதன் பெரிய உதவி. ஆண்ட்ராய்டுக்கான அதன் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பருடன் நின்றுபோனதுதான் வருத்தம். அம்மாவின் போனில், அதிலிருந்து பிரிந்து வேறு ஆட்கள் தொடரும் கிளைச் செயலி ஓடுகிறது.

பதிப்பு ஏற்றங்களைப் பற்றி. ராஸ்பெரி பையின் சொந்த இயங்குதளமும் டெபியனிலிருந்து வந்ததுதான், ஆனால் பெரிய பதிப்பு மாறும்போது புதிதாக நிறுவச் சொல்வார்கள். டெபியன் இருந்த இடத்திலேயே ஏற விடும், அதற்கான குறிப்பையும் பொறுப்பாக எழுதித் தரும். நான் தூய டெபியனை எடுத்ததற்கு அதுவே காரணம். 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி, நல்லூர்த் திருவிழாக் காலம். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரின் படங்கள் எல்லாம் சேர்வருக்குள் வந்துகொண்டிருந்த நேரம், தொடவில்லை. செப்டெம்பர் 6இல் 13.1 வந்த பிறகுதான் ஏற்றினேன். ஏற்றம் சுகமாக முடிந்தது. ஒன்று மட்டும் இடித்தது: 13இல் தற்காலிகக் கோப்புறை நினைவகத்துக்குள் போய்விடுகிறது, அதிகபட்சம் நினைவகத்தின் பாதி. எனக்கு அது 2 ஜிபி. ஸ்கேன் செய்த சஞ்சிகைகளை படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருளான ஓசிஆர்மைபிடிஎஃப்பும் அதற்கு உதவும் டெசராக்டின் தமிழ்த் தரவும் சேர்ந்து வாசிக்கும்போது இடைக்கோப்புகள் மலையாகக் குவியும். பக்கம் அதிகமான இதழில் இடமில்லை என்று நின்றுவிட்டது. அந்த ஏற்பாட்டை முடக்கிப் பழையபடி தட்டுக்கே மாற்றும் கட்டளை வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. அப்புறம் பிரச்சினை இல்லை. வாசிப்பு மெதுவானதுதான், இரவில் விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

வெயில்? சித்திரை, வைகாசியிலும் விசிறியில்லாமல் தாங்குகிறது. சிப்பின் சூடு 80 பாகை செல்சியஸை எட்டினால் வேகத்தைத் தானே குறைக்கும், அங்கே போனது அரிது. சுவரில் சாய்க்காமல் காற்றுப்படும்படி வையுங்கள், போதும்.

இன்றைக்குப் புதிதாக வாங்குவதென்றால் நான் பை வாங்குவேனா என்பது சந்தேகம். இன்டெல் என்100 சிப் உள்ள குட்டிக் கணினிகள் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் எடுத்தாலும், கடிகாரத்துக்கு மின்கலம் உண்டு, எஸ்எஸ்டி உள்ளேயே இருக்கும், பலவும் 12 வோல்ட்டில் ஓடுவதால் மின்கலத்துடன் இணைப்பதும் சுலபம். டெபியனை மட்டும் மாற்ற மாட்டேன். 13க்கு 2028 ஆகஸ்ட் வரை முழு ஆதரவும், 2030 ஜூன் வரை நீண்டகால ஆதரவும் இருக்கிறது. அதற்குள் இந்த எஸ்எஸ்டியை மாற்ற வேண்டி வரும். புதியதை இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.