நட்சத்திர வீரரைத் தக்கவைப்பதா, விடுவதா? பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளம் ஒரு மதிப்பீடு

சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசி ஆட்டம் முடிந்த சில நாள்களிலேயே அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களின் பேச்சு ஆடுகளத்தை விட்டு ஒப்பந்தங்களுக்கு நகர்ந்துவிடும். நம் அணியின் நட்சத்திரத்துக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கேட்கிற தொகையைக் கொடுத்துத் தக்கவைப்பதா, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவிடுவதா? பல குளிர்காலங்களாக இந்த வாதத்தில் கலந்துகொண்டு வருபவன் என்ற முறையில், அதற்கு எனக்குப் பெரிதும் துணையாக இருந்துவரும் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் இணையதளத்தை இங்கே மதிப்பிடுகிறேன். அந்தத் தளத்தில் வேறு எவ்வளவோ இருக்கின்றன. ஆனால், ஒரு வீரரை மீண்டும் ஒப்பந்தம் செய்யலாமா என்று நியாயமாக முடிவெடுக்க விரும்பும் ரசிகருக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை மட்டுமே நான் பார்க்கப்போகிறேன்.

கணிதப் பேராசிரியராக இருந்த ஷான் ஃபோர்மன் 2000-ஆம் ஆண்டில் இந்தத் தளத்தைத் தொடங்கினார். 1871-லிருந்து பெரிய லீக்குகளில் ஆடிய ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. இப்போது ஆடிவரும் வீரரின் பக்கத்தில் பிறந்த தேதி, உயரம் போன்ற விவரங்களோடு அவருடைய சேவைக்காலமும், அதாவது பெரிய லீக் அணியில் அவர் இருந்த காலமும், குறிக்கப்பட்டிருக்கும். முதன்முறை பார்ப்பவர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடக்கூடும். ஆனால் நம் வாதம் எந்த ஆண்டில் எழப்போகிறது என்பதைத் தீர்மானிப்பதே அந்த எண்தான். ஆறு ஆண்டுச் சேவையை முடித்தவர்தான், எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும்; 172 நாள்கள் ஓர் ஆண்டுக்குச் சமம். 5.171 என்று ஒரு வீரருக்கு இருந்தால், ஐந்து ஆண்டுகளும் 171 நாள்களும் ஆகிவிட்டன, ஒரே ஒரு நாள் குறைகிறது என்று பொருள். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்டைத் தாமதமாக அழைத்ததில் அவருக்கு 171 நாள்களே சேர்ந்தன. அதனால் அவர் விடுதலை பெறுவது ஒரு முழு ஆண்டு தள்ளிப்போனது.

இந்தத் தளத்தின் உண்மையான பலம் என்று நான் கருதுவது, அட்டவணையில் ஆண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வயதுக் கட்டம். அந்த ஆண்டு ஜூன் 30 நள்ளிரவில் வீரருக்கு என்ன வயது என்பதை அது சொல்கிறது. ஒரு ரசிகரின் நினைவில் நட்சத்திரத்துக்கு வயதே ஆவதில்லை. அவர் அடித்த மிகப் பெரிய ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) எப்போதும் நேற்று நடந்ததுபோலவே இருக்கும். வயதுக் கட்டத்தின் மீது விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தால் அந்த மயக்கம் தெளிகிறது.

ஆல்பர்ட் புஹோல்ஸின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அவர் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கோப்பையை வென்றது. அவருடைய ஒப்பந்தமும் அத்துடன் முடிந்தது. எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும் என்று அன்று உறுதியாக வாதிட்டவர்களில் நானும் ஒருவன். 11 ஆண்டுகளில் அந்த அணிக்காக 445 ஹோம் ரன்கள் அடித்தவரை எப்படி விடுவது? ஆனால் அப்போதே அந்தப் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. 2008 முதல் 2011 வரை அவருடைய பேட்டிங் சராசரி (அடிக்க வந்த முறைகளில் ஹிட் கிடைத்த விகிதம்) 0.357, 0.327, 0.312, 0.299 என்று படிப்படியாக இறங்கிவந்திருக்கிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் 115, 103 என்று இருந்த ‘வாக்’ (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் தளத்துக்குச் செல்வது) எண்ணிக்கை 2011-இல் 61 ஆகிவிட்டது. 37 ஹோம் ரன்கள், அணிக்கு அடித்துத் தந்த 99 ரன்கள் (ஆர்.பி.ஐ.) என்று தனியாகப் பார்க்கும்போது எந்த அணியும் விரும்பும் ஆண்டு அது. நான்கு வரிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சரிவு தெரிகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணி 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தின் முதல் சீசன் 32 என்ற வயதில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் வரிகளைப் படிப்பது, அவரை நேசித்த எவருக்கும் எளிதான காரியமில்லை. ஒப்பந்தம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போதே, 2021 மே மாதத்தில், அணி அவரை விடுவித்தது.

அவரை இழந்த கார்டினல்ஸ் என்ன ஆனது? இழப்பீடாக ஏஞ்சல்ஸ் அணியிடமிருந்து கிடைத்த 2012 டிராஃப்ட் (இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்பில், 19-ஆவது இடத்தில், மைக்கேல் வாக்கா என்ற பிட்சரை (பந்துவீச்சாளரை) தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே அவர் நேஷனல் லீக் இறுதித் தொடரின் மிகச் சிறந்த வீரராகி, அணியை உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார். வீரர் எந்தச் சுற்றில், எத்தனையாவது இடத்தில் தேர்வானார் என்பதையும் தளம் சொல்கிறது. இந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக முடிவது இத்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

தக்கவைத்துத் தவித்த அணியும் உண்டு. 2015-இல் 47 ஹோம் ரன்கள் அடித்த கிரிஸ் டேவிஸை, பால்டிமோர் ஓரியோல்ஸ் 7 ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பேஸ்பாலில் செல்லாது. 2015-க்கு நேர் மேலே இருக்கும் 2014 வரியைப் பார்த்தால் சராசரி 0.196, அதற்கு மேலே 2013-இல் 53 ஹோம் ரன்கள். ஓராண்டு மலை, ஓராண்டு மடு என்று இருந்தவருக்கு மலையின் விலையைக் கொடுத்தார்கள். புதிய ஒப்பந்தத்தில் சராசரி 0.221, 0.215 என்று தொடங்கி, 2018-இல் 0.168 வரை இறங்கியது. 2018-இன் இறுதியிலும் 2019-இன் தொடக்கத்திலுமாகத் தொடர்ந்து 54 முறை அவருக்கு ஹிட்டே கிடைக்கவில்லை. அந்த நாள்களில் அவரைத் திட்டியவர்கள் பலர். எனக்கு அவர் மீது இரக்கம்தான் வந்தது. அவர் கேட்டதைக் கொடுத்தது அவருடைய பிழையல்லவே.

இவ்வளவையும் படித்துவிட்டு, முப்பதைத் தாண்டிய எவருக்கும் நீண்ட ஒப்பந்தம் தரக்கூடாது என்று சட்டம் வகுத்துக்கொண்டால் ஆரன் ஜட்ஜின் பக்கம் அதை உடைத்துவிடும். 2022 வசந்தத்தில் நியூயார்க் யாங்கீஸ் முன்வைத்த 7 ஆண்டு, 21.35 கோடி டாலர் ஒப்பந்தத்தை அவர் மறுத்தபோது, அவருக்கு அடிக்கடி காயம் படுகிறது என்பதே பலரின் அச்சமாக இருந்தது. 2018-இல் 112 ஆட்டங்கள், 2019-இல் 102 என்று ஆட்டக் கட்டமும் அந்த அச்சத்துக்குச் சான்று சொன்னது. அவரோ அந்த ஆண்டில் 62 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை முறியடித்தார். முடிவில் அணி 9 ஆண்டுகளுக்கு 36 கோடி டாலர் கொடுத்தது. 2024-இல், 32 வயதில், 58 ஹோம் ரன்கள். தக்கவைத்தது சரி என்பதை இன்று எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 2022 மார்ச்சில் அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

எதிர்காலத்தை ஊகிக்க உதவும் என்று பலர் நாடும் பகுதி, பக்கத்தின் கீழே இருக்கும் ஒப்புமைப் பட்டியல். பில் ஜேம்ஸ் வகுத்த முறை அது: 1000 புள்ளிகளில் தொடங்கி, 20 ஆட்ட வேறுபாட்டுக்கு ஒன்று, 2 ஹோம் ரன் வேறுபாட்டுக்கு ஒன்று என்று கழித்துக்கொண்டே போய், இந்த வயது வரை இவரை ஒத்திருந்தவர்கள் யார் என்று காட்டுகிறது. மைதானத்தின் அளவும் காலத்தின் போக்கும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதால், ரன்கள் மலிந்த காலத்து வீரரும் ரன்கள் அரிதான காலத்து வீரரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். பழைய பெயர்களைத் தேடிப் போகத் தூண்டும் இன்பமான பகுதி என்று அதை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் நீளத்தை அதை வைத்து நிர்ணயிப்பது தவறு.

‘வார்’ என்ற எண்ணைப் பற்றியும் இதையே இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தேடித் தந்தார் என்பதன் மதிப்பீடு அது. புஹோல்ஸுக்குக் கார்டினல்ஸில் 80-க்கு மேல், ஏஞ்சல்ஸில் 15-க்குக் கீழ் என்று அந்த ஒற்றை எண்ணே ஒரு கதையைச் சொல்லிவிடுவதால், வாதத்தில் அதைச் சம்மட்டிபோலப் பயன்படுத்தும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. ஆனால் ஃபேன்கிராஃப்ஸ் தளமும் அதே பெயரில் ஓர் எண்ணைத் தருகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பிட்சர்களுக்கு பேஸ்பால்-ரெஃபரன்ஸ் அவர்கள் விட்டுக்கொடுத்த ரன்களிலிருந்தும், ஃபேன்கிராஃப்ஸ் ஸ்ட்ரைக்-அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்தும் கணக்கைத் தொடங்குகின்றன. ஃபீல்டிங்கை அளப்பதிலும் வழிகள் வேறு. ஆகவே அரைப் புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசத்தைக் காட்டி இவரைவிட அவர் மேல் என்று சாதிப்பவருடன் நான் வாதிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வீரரின் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பேசுவதிலும் ஒரு பிழை இருக்கிறது. இவர் போனால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்பதுதான் பாதிக் கேள்வி. 2022-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் ஃபிரெடி ஃபிரீமனை விட்டுவிட்டபோது நொந்துபோனவர்கள் ஏராளம். அணி அதற்குள்ளாகவே அவரைவிட நான்கரை வயது இளையவரான மேட் ஓல்சனை வாங்கி, 8 ஆண்டுகளுக்கு 16.8 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது; ஃபிரீமன் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸில் 6 ஆண்டுகளுக்கு 16.2 கோடி பெற்றார். ஓல்சன் 2023-இல் 54 ஹோம் ரன்கள் அடித்தார். ஃபிரீமன் 2024 உலகத் தொடரின் மிகச் சிறந்த வீரரானார். இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்து பார்க்கும்போது, எந்த அணி ஏமாந்தது என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. மாறாக, 2013-இல் ராபின்சன் கனோவுக்குப் பத்து ஆண்டு கொடுக்க மறுத்த யாங்கீஸ், அதே குளிர்காலத்தில் ஜகோபி எல்ஸ்பரிக்கு 7 ஆண்டுகளுக்கு 15.3 கோடி கொடுத்தது. எல்ஸ்பரியின் அட்டவணை 2017-உடன் நின்றுவிடுகிறது.

பிட்சர்களைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது, அவர்கள் முதல் பந்துவீச்சாளராகத் தொடங்கிய ஆட்டங்களின் எண்ணிக்கையைத்தான். ஜேக்கப் டிகிராம் மெட்ஸ் அணியில் 2021-இல் 15 ஆட்டங்களையும் 2022-இல் 11 ஆட்டங்களையும் மட்டுமே தொடங்கினார். 18.5 கோடி டாலருக்கு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் சென்றபின், 2023-இல் ஆறு ஆட்டங்களோடு முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார்.

பண விவரத்துக்கு இந்தத் தளம் மட்டும் போதாது. சம்பள அட்டவணை இருக்கிறது. ஆனால் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய வரியின் கணக்கில் சேர்வது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. டாட்ஜர்ஸ் வீரர் ஷோஹே ஓதானியின் 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடி பின்னாளில் தரப்படுவதால், வரிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.6 கோடிதான் சேர்கிறது. தக்கவைக்கப் பணம் இல்லை என்று நிர்வாகம் சொல்வது உண்மையா என்று சோதிக்க விரும்புபவர், ஒப்பந்தங்களுக்கென்றே இருக்கும் வேறு தளங்களையும் பார்த்தாக வேண்டும்.

எந்தத் தளத்திலும் ஏறாத ஒன்றும் உண்டு. 2019 ஜூனில் ஏஞ்சல்ஸ் வீரராகச் செயின்ட் லூயிஸுக்கு வந்த புஹோல்ஸ் அங்கே ஒரு ஹோம் ரன் அடித்தார். கார்டினல்ஸ் ரசிகர்கள் எழுந்து நின்று, தங்கள் அணிக்கு எதிராக அடித்தவரையே வீரர்கள் அமரும் டக்-அவுட்டிலிருந்து வெளியே வரும் வரை கைதட்டி அழைத்தார்கள். அந்த நாளின் வரியில் இருப்பது 1 என்ற எண் மட்டுமே. ஒரு நகரம் ஒருவரை இப்படி நேசிப்பதற்கு ஒப்பந்தத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்று அணிகள் யோசித்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கண்டு பேசுவது ரசிகரின் உரிமை.

அட்டவணைகள் அகலமானவை என்பதால் கைபேசியைவிடப் பெரிய திரையில் பார்ப்பது நல்லது. இதே நிறுவனத்தின் ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவையில், 32 வயதுக்குப் பிறகு இத்தனை ஹோம் ரன்கள் அடித்தவர்கள் யார் யார் என்பது போன்ற கேள்விகளை நாமே அமைத்துத் தேடலாம். தனியொரு வீரரைப் பற்றி முடிவெடுக்க இலவசப் பக்கங்களே போதும். பலரை ஒப்பிட்டு எழுத விரும்புபவருக்கு மாதச் சந்தா பயன்படும். நான் நவம்பரில் சேர்ந்து, வசந்தப் பயிற்சி தொடங்கும்போது நிறுத்திக்கொள்கிறேன்.