1926ஆ, சுமித்ரயோவா?

கொழும்பில் மனம் சரியில்லை என்று சொன்னால், "கோயிலுக்குப் போய்ட்டு வா" என்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைச் சனல் பண்ண, அதாவது காசு கட்டி நேரம் பதிய, சொல்வார்கள். சனல் பண்ணக் காசு தேடுமுன் பார்க்க வேண்டிய இரண்டு சேவைகள் 1926 என்ற போன் இலக்கமும் சுமித்ரயோவும். ஆனால் ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றதிடம் கேட்டால் ஏமாற்றம்தான்.

1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். 24 மணி நேரமும் எடுக்கலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைக்கு மேல் போய்விட்டதென்றால் இதுதான் பொருத்தம். வைத்தியம் தேவையா, எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று இங்கே கேட்கலாம். நிறுவனம் இருப்பது அங்கொடையில் என்பதாலேயே பலருக்கு இந்த இலக்கத்தைத் தொடக் கூச்சம். அந்த ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருப்பது நாம்தானே!

சுமித்ரயோ, மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பு, 1974இல் தொடங்கியது. கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிறது. போனிலும் கதைக்கலாம், நேரிலும் போகலாம். கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். மருந்து எழுத மாட்டார்கள், "இப்படிச் செய்" என்று புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். "சும்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்" என்று குறைப்படுபவர்களுக்கு அந்த முறையே தெரியவில்லை. முடிவு எடுக்க வேண்டியது நீங்கள். அதுவரை குறுக்கே பேசாமல் ஒருவர் கேட்பதுதான் சேவை. வீட்டுச் சண்டை, பிரிவு, இழப்பு, கடன் என்று மனம் பாரமானவர்களுக்கு இங்கே பலன் அதிகம். இரவில் திறந்திருக்காது, நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெரும்பாலான அழைப்புகள் கெடுவது தொடக்கத்தில்தான். சிங்களத்தில் "ஹலோ" கேட்டதும் வைத்துவிடுகிறோம். வைக்காமல், "தமிழில் கதைக்க வேண்டும்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அந்த நேரம் தமிழ் பேசுபவர் இல்லையென்றால் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 138 பஸ்ஸில் நின்றபடியோ, மாமியார் பக்கத்து அறையில் இருக்கும்போதோ எடுத்தால் பாதி உண்மைதான் வாயில் வரும். எடுக்குமுன் ஒரு துண்டில் எழுதுங்கள்: எப்போதிருந்து, இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன மருந்து குடிக்கிறீர்கள், இன்று என்ன உதவி வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாமல் எடுத்தாலும் குற்றமில்லை, ஆனால் கதை சுற்றிச் சுற்றி வரும்.

சாகும் எண்ணம் இருந்தால் அதை நேராகவே சொல்லுங்கள். பொலிஸ் வரும் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் இரண்டு சேவையும் வேண்டாம், 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

கிளினிக்கில் மனச்சோர்வுக்கு மருந்து தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமையாவது ஆகும். குமட்டல், தலைவலி அதற்கு முன்பே வந்துவிடும். பலர் குளிசையை நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். நிறுத்துமுன் டொக்டரிடம் கேளுங்கள். அடுத்த தவணைக்கும் கிளினிக் கொப்பி தேவை, அதைத் தொலைத்துவிடாதீர்கள்.